வாய் ஓரிடம், குரல் ஓரிடம்: வீட்டு டி.வி.டி.யில் படமும் ஒலியும் விலகினால் என்ன செய்வது?

எங்கள் திருமணம் 1989-ல் திருச்சியில் நடந்தது. அந்நாளைய வழக்கப்படி வி.எச்.எஸ். கேசட்டில் வீடியோ எடுத்தார்கள். அதில் நலங்கின்போது என் அம்மா பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. அம்மா 1999-ல் காலமானார். அவர் குரல் என்று எங்களிடம் இருப்பது அந்த நான்கு நிமிடம் மட்டுமே.

2006-ல் டில்லியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கேப்சர் கார்டைப் பொருத்தி, அந்தக் கேசட்டை நானே டி.வி.டி.யாக மாற்றினேன். ஒரு மணி நாற்பது நிமிடம் ஓடும் டிஸ்க். ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம் எல்லாம் கடந்து நலங்கு வந்தபோது, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகள், "அப்பா, பாட்டி வாயை மூடிட்டாங்க, பாட்டு மட்டும் வந்துக்கிட்டே இருக்கே!" என்றாள். பார்த்தால், ஒரு வினாடிக்கும் மேலாகக் குரல் பின்தங்கியிருந்தது.

அப்போது நான் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முழு ஒலியையும் 600 மில்லி வினாடி முந்தி வரும்படி நகர்த்தி, படத்தையும் மறுபடி சுருக்கி, வேறு டிஸ்க் எழுதினேன். தவற்றில் பாதியை ஆரம்பத்திலும் பாதியைக் கடைசியிலும் வைத்தேன், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று கேப்சர் செய்த மூல ஃபைலை அழித்தேன். முதலில் எழுதிய டிஸ்க்கையும் குப்பையில் போட்டேன். கேசட் பரணுக்குப் போயிற்று. 2012-ல் மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் நாடா முழுதும் வெள்ளைப் பூஞ்சை.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஒரு கோளாறு என்றால், கை வைக்குமுன் என்ன அறிகுறி, எங்கே, எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். வீட்டில் அதைச் செய்யவில்லை. 2020-ல் ஓய்வு பெற்று, ஊரடங்கில் வீட்டோடு இருந்தபோதுதான் அந்த டிஸ்க்கை முறையாக அளந்து பார்த்துத் திருத்தினேன். நம் சங்கத்து அன்பர்கள் பலரும் இதே கோளாறுள்ள டிஸ்க்குகளைக் கொண்டுவந்து காட்டுவதால், கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படமும் ஒலியும் தனித்தனி

நாம் பார்க்கும்போது படமும் ஒலியும் ஒன்றாகத் தெரிந்தாலும், டிஸ்க்கில் அவை இரண்டு தனி ஓட்டங்கள். நம் நாட்டு பால் முறையில் வினாடிக்கு 25 படங்கள். அதாவது ஒரு படத்துக்கு 40 மில்லி வினாடி. டி.வி.டி.யில் ஒலி என்பது வினாடிக்கு 48,000 முறை எடுத்த மாதிரி அளவுகள். இரண்டையும் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக டிஸ்க்கில் எழுதுகிறோம். ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் தபால் முத்திரை போல ஒரு நேர முத்திரை உண்டு. அந்த நேரக் கணக்கில் ஒரு வினாடி 90,000 பங்கு. ஒரு படத்துக்கு 3,600 பங்கு. பிளேயரின் வேலை, முத்திரையில் உள்ள நேரத்துக்குப் படத்தைத் திரைக்கும் ஒலியை ஸ்பீக்கருக்கும் அனுப்புவது.

ஆகவே கோளாறு நான்கு இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும். கேசட்டிலிருந்து எடுக்கும்போதே இரண்டும் விலகியிருக்கலாம். எடுத்ததைச் சுருக்கி மாற்றும்போது முத்திரை தவறியிருக்கலாம். டிஸ்க்கைப் படிப்பதில் பிளேயர் தடுமாறலாம். அல்லது எல்லாம் சரியாக இருந்தும் டெலிவிஷனில் தாமதம் நேரலாம். இந்த நான்கில் எது என்று தெரியாமல் ஒலியை நகர்த்தத் தொடங்கினால் என் கதைதான்.

எவ்வளவு விலகினால் தெரியும்?

ஒலி முந்தி வந்தால் நமக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும்; பிந்தி வந்தால் ஓரளவு பொறுத்துக்கொள்வோம். இயற்கையில் ஒலி எப்போதும் பிந்தித்தானே வருகிறது? எதிர் மாடியில் வெடிக்கும் பட்டாசின் ஒளி முதலில், சத்தம் பிறகு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி சுமார் 45 மில்லி வினாடி முந்தினாலும், சுமார் 125 மில்லி வினாடி பிந்தினாலும் பார்ப்பவர்கள் கவனிக்கத் தொடங்குகிறார்கள். அதாவது முந்தினால் ஒரே ஒரு படம், பிந்தினால் மூன்று படம். இந்த எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும்; அதற்குமேல் நுணுக்கம் தேவையில்லை.

முதலில் டிஸ்க்கின்மேல் பழி போடாதீர்கள்

திருத்த உட்காருமுன் மூன்று சோதனைகள். மூன்றுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும்.

ஒன்று: விலகல் தெரியும் இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி ஓட விடுங்கள், அல்லது அடுத்த அத்தியாயத்துக்குத் தாவித் திரும்பி வாருங்கள். உடனே சரியாகிவிட்டால், எழுதியதில் தவறில்லை. கீறலோ அழுக்கோ உள்ள இடத்தில் பிளேயர் தடுமாறி, பிறகு ஒழுங்குக்கு வரத் தெரியாமல் ஓடுகிறது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டக் கீறல் டேட்டா ஓடும் திசையிலேயே விழும்.

இரண்டு: அதே டிஸ்க்கை வேறு பிளேயரிலோ கம்ப்யூட்டரிலோ போட்டுப் பாருங்கள். ஒன்றில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் இருந்தால் குற்றம் பிளேயருடையது.

மூன்று: ஒலியை டெலிவிஷனின் சொந்த ஸ்பீக்கரிலேயே கேட்டுப் பாருங்கள். பழைய கனமான பிக்சர் டியூப் பெட்டிகளில் படம் வந்தவுடன் தெரிந்துவிடும். இப்போதுள்ள தட்டை டெலிவிஷன்கள் படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டுகின்றன. அதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது. டி.வி.டி. பிளேயரிலிருந்து ஒலியை மட்டும் நேராக ஹோம் தியேட்டருக்குக் கொடுத்திருந்தால் ஒலி முந்தி வந்துவிடும். ஆம்ப்ளிஃபயரின் மெனுவில் 'லிப் சிங்க்' அல்லது 'ஆடியோ டிலே' என்று இருக்கும், அதில் சரிசெய்யலாம். புளூடூத் ஸ்பீக்கரானால் இதற்கு நேர்மாறு: ஒலி பிந்தும். எங்கள் மாடியில் குடியிருக்கும் அன்பர் ஒருவர், மகனின் காதுகுத்து டிஸ்க் கெட்டுவிட்டது என்று மூன்று முறை புதிதாக எழுதிப் பார்த்தார். புளூடூத் ஸ்பீக்கரை அணைத்ததும் கோளாறு போய்விட்டது.

மூன்று இடத்தில் அளவு எடுங்கள்

மூன்று சோதனையிலும் குற்றம் டிஸ்க்கினுடையதுதான் என்று தெரிந்தால், கம்ப்யூட்டருக்கு வாருங்கள். டிஸ்க்கில் 'வீடியோ டி.எஸ்.' என்ற ஃபோல்டர் இருக்கும். அதை முழுதாக ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இனி எந்தச் சோதனையும் பிரதியில்தான். டிஸ்க் பத்திரமாக உறைக்குள் போகட்டும்.

வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபோல்டரை ஓட விடுங்கள். இதில் ஆங்கில 'கே' எழுத்தைத் தட்டினால் ஒலி 50 மில்லி வினாடி பிந்தும். 'ஜே' எழுத்தைத் தட்டினால் அதே அளவு முந்தும். எவ்வளவு நகர்ந்தது என்பதைத் திரையிலேயே காட்டும். உதடும் குரலும் சேரும்வரை தட்டிவிட்டு அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இதனால் ஃபைலில் எதுவும் மாறாது. இப்படி ஆரம்பத்தில், நடுவில், கடைசியில் என்று மூன்று இடங்களில் அளவு எடுக்க வேண்டும்.

எந்த இடத்தை அளப்பது என்பதில் கவனம் தேவை. பேச்சைவிடத் திடீரென்று எழும் சத்தம் நல்லது. கல்யாண வீடியோவில் தேங்காய் உடைப்பது, நலங்கில் அப்பளம் உடைப்பது, யாராவது கை தட்டுவது இவை எல்லாம் முதல்தரமான இடங்கள். அரங்கேற்றம் என்றால் நட்டுவாங்கத் தாளம், கச்சேரி என்றால் மிருதங்க அடி.

இரண்டு இடங்களைத் தவிர்க்க வேண்டும். முதலாவது, தொலைவிலிருந்து எடுத்த காட்சி. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு படத்துக்கு 13.6 மீட்டர். மண்டபத்தின் கோடியிலிருந்து கேமரா, 30 மீட்டர் தள்ளித் தவில் என்றால், இரண்டு படத்துக்குமேல் விலகல் கேசட்டிலேயே இருக்கும், அது குற்றமல்ல. இரண்டாவது, வீடியோக்காரர் பிறகு சேர்த்த பாட்டு. அந்தக் காலத்துக் கல்யாணக் கேசட்டுகளில் பாதிக்குமேல் சினிமாப் பாட்டுத்தான் ஓடும். கெட்டிமேளம் கொட்டும் இடத்தில்கூட வேறு நாயனத்தை ஒட்டியிருப்பார்கள். அங்கே அளப்பது வீண்.

மூன்று வகைத் தாமதம்

குளிர்காலத்தில் டில்லியிலிருந்து சென்னைக்குப் போகும் வண்டியில் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்டி மூன்று விதமாகத் தாமதமாகும். பனிமூட்டத்தால் அரை மணி தாமதமாகப் புறப்பட்டு, அதே அரை மணித் தாமதத்துடன் போய்ச் சேரும். அது ஒரு வகை. நேரத்துக்குப் புறப்பட்டு, ஸ்டேஷனுக்கு ஒரு நிமிடமாக இழந்துகொண்டே போவது இரண்டாம் வகை. சரியாகப் போய்க்கொண்டிருந்து, ஏதோ ஒரு சிக்னலில் இருபது நிமிடம் நின்று, அங்கிருந்து அந்த இருபது நிமிடத்தைச் சுமந்தே போவது மூன்றாம் வகை. உங்கள் மூன்று அளவுகளைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

முதல் வகை: மூன்று இடத்திலும் ஒரே எண். இதுதான் எளிது. டிஸ்க்கிலிருந்து ஒலியைத் தனியாகப் பிரித்து மறுபடி சேர்க்கும்போது நேர முத்திரை கழன்று போவதால் வருவது. பல டி.வி.டி.களில் படமும் ஒலியும் ஒரே கணத்தில் தொடங்குவதில்லை, முன்பின்னாகத் தொடங்கும். சில மென்பொருள்கள் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும்போது ஃபைலின் பெயரிலேயே 'டிலே' என்று போட்டு எத்தனை மில்லி வினாடி என்று எழுதிவிடும். சேர்ப்பவர் அந்த எண்ணைக் கொடுக்க மறந்தால் இந்தக் கோளாறு. மருந்து: அந்த அளவுக்கு ஒலியை நகர்த்துவது மட்டுமே. அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒலிக்கு 'ஷிஃப்ட்' என்ற கட்டம் இருக்கிறது. எண்ணைக் கொடுத்து, படத்தை 'காப்பி' என்ற நிலையிலேயே விட்டு, சேமித்தால் முடிந்தது.

இரண்டாம் வகை: எண் சீராக வளர்ந்துகொண்டே போகும். இதற்குக் காரணம் இரண்டு கடிகாரங்கள். பழைய கேப்சர் கார்டுகளில் பெரும்பாலானவை படத்தைத்தான் எடுக்கும். ஒலி சவுண்டு கார்டு வழியாக வரும். இரண்டிலும் தனித்தனிக் குவார்ட்ஸ் கடிகாரம். வினாடிக்கு 48,000 என்று சொல்லிக்கொண்டு சவுண்டு கார்டு 48,010 மாதிரிகள் எடுத்தால், அவற்றை 48,000 வேகத்தில் போடும்போது ஒரு மணி நேரத்தில் ஒலி முக்கால் வினாடி பின்தங்கும். வீட்டு உபயோக மினி டி.வி. கேமராக்களிலும் ஒலியின் கடிகாரம் படத்தோடு பூட்டப்பட்டிருப்பதில்லை என்பதால் இப்படி நேரலாம்.

விலகலின் அளவு காரணத்தையும் சொல்லும். மணிக்கு ஒரு வினாடிக்குள் இருந்தால் பெரும்பாலும் கடிகார வேறுபாடு. மணிக்கு 3.6 வினாடி என்றால், அமெரிக்காவில் உள்ள உறவினர் அனுப்பிய என்.டி.எஸ்.சி. முறைப் படத்தில், 29.97 என்று கொள்ள வேண்டியதை யாரோ 30 என்று கொண்டிருக்கிறார்கள். மணிக்கு இரண்டு நிமிடத்துக்குமேல் விலகினால் வினாடிக்கு 24 படம் என்ற சினிமாக் கணக்கும் 25 படம் என்ற நம் கணக்கும் குழம்பியிருக்கின்றன. ஒலி வேகமாக ஓடி, சுருதியே அரைக்கட்டைக்குமேல் ஏறிக் கேட்டால், சி.டி. முறையில் 44,100 வேகத்தில் பதிந்ததை 48,000 என்று படிக்கிறது. அதற்கு அளவு எடுக்கவே வேண்டாம், காதே சொல்லிவிடும்.

மூன்றாம் வகை: ஓர் இடம்வரை சரி, அதற்குப்பின் திடீரென்று விலகல். பிறகு இன்னோர் இடத்தில் இன்னும் கொஞ்சம். கேசட்டில் கேமராவை நிறுத்தி மறுபடி எடுத்த இடங்களிலும், நாடா மடங்கிய இடங்களிலும் படம் குலுங்கும். கேப்சர் கார்டு அங்கே சில படங்களைத் தவறவிடும். ஒலி மட்டும் விடாமல் பதிவாகும். 25 படம் தவறினால் படத்தின் நீளம் ஒரு வினாடி குறைகிறது; அங்கிருந்து கடைசிவரை ஒலி ஒரு வினாடி பிந்தும். கம்ப்யூட்டரில் அதே நேரத்தில் வேறு வேலை ஓடினாலும் படங்கள் தவறும்.

இந்த மூன்றாம் வகைக்கு நான் முதலில் சொல்வது: கேசட் நன்றாக இருந்தால் மறுபடி எடுங்கள். கேசட் இல்லையென்றால், விலகல் தொடங்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே ஒலியை வெட்டி, அதற்குப் பின்னுள்ள பகுதியை மட்டும் முன்னே இழுக்க வேண்டும். பெரும்பாலும் அந்த இடம் இரண்டு காட்சிகளின் இடைவெளியாக இருப்பதால் வெட்டியது தெரியாது. நம் சங்கத்தின் 2008-ஆம் ஆண்டுப் பொங்கல் விழா டிஸ்க்கில் இப்படி ஐந்து வெட்டுக்கள் போட வேண்டியிருந்தது. கோலாட்டத்தில் குச்சிகள் ஒன்றோடொன்று தட்டும் இடங்கள்தான் அதற்கு அளவுகோலாக உதவின.

அம்மாவின் பாட்டு: ஒரு கணக்கு

என் டிஸ்க்கின் அளவுகள் இவை. ஐந்தாவது நிமிடத்தில் ஒலி 550 மில்லி வினாடி முந்தியிருந்தது. ஐம்பதாவது நிமிடத்தில் விலகல் இல்லை. தொண்ணூற்றைந்தாவது நிமிடத்தில் 600 மில்லி வினாடி பிந்தியிருந்தது. இடையில் வேறு நான்கு இடங்களிலும் பார்த்தேன். எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. ஆகவே இது இரண்டாம் வகை. அதன்மேல் 2006-ல் நான் செய்த 600 மில்லி வினாடி நகர்த்தலும் சேர்ந்திருந்தது.

ஐந்திலிருந்து தொண்ணூற்றைந்துவரை 90 நிமிடம், அதாவது 5,400 வினாடி. அதற்குள் மொத்த மாற்றம் 550-ம் 600-ம் சேர்ந்து 1,150 மில்லி வினாடி, அதாவது 1.15 வினாடி. 1.15-ஐ 5,400-ஆல் வகுத்தால் 0.000213, சதவீதத்தில் 0.0213. நாளொன்றுக்குப் பதினெட்டு வினாடி தவறும் சுவர்க்கடிகாரத்துக்குச் சமம். 48,000-ஐ இதனால் பெருக்கிக் கூட்டினால் சுமார் 48,010. என் சவுண்டு கார்டும் கேப்சர் கார்டும் தங்களுக்குள் வினாடிக்குப் பத்து மாதிரி வேறுபட்டிருந்தன. இரண்டில் எது சரி, எது தவறு என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. ஒன்றை மற்றொன்றுக்கு இணங்கச் செய்தால் போதும்.

செய்த முறை:

1. அவிடெமக்ஸில் டிஸ்க்கின் பிரதியைத் திறந்து, ஒலியை மட்டும் 'வேவ்' ஃபைலாகச் சேமித்தேன். டி.வி.டி.யின் வி.ஓ.பி. ஃபைல்கள் ஒவ்வொன்றும் 1 ஜி.பி. அளவில் துண்டாக இருக்கும். அவற்றைத் தனித்தனியாகத் திறக்காமல் ஒன்றாகத்தான் திறக்க வேண்டும்; இல்லையென்றால் துண்டு சேரும் இடத்தில் புதுக் கோளாறு முளைக்கும்.

2. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்த ஒலியைத் திறந்து, 'சேஞ்ச் ஸ்பீட்' என்ற வசதியில் 0.021 சதவீதம் வேகம் கூட்டினேன். புதிய பதிப்புகளில் இதன் பெயர் 'சேஞ்ச் ஸ்பீட் அண்டு பிட்ச்'. சுருதி மாறிவிடுமே என்று சங்கீதம் தெரிந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 6 சதவீதம். இது அதில் முந்நூறில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட. எந்தக் காதுக்கும் தெரியாது.

3. வேகம் சரியான பிறகு, எல்லா இடத்திலும் ஒலி ஒரே அளவு, சுமார் 610 மில்லி வினாடி, முந்தி நின்றது. அதாவது இரண்டாம் வகை முதல் வகையாகிவிட்டது. 2006-ல் நான் நகர்த்திய அளவேதான் அது. 50 மில்லி வினாடிப் படிகளில் அளந்ததால் பத்து மில்லி வினாடி வித்தியாசம். அந்த 610-ஐ 'ஷிஃப்ட்' கட்டத்தில் கொடுத்து ஒலியைப் பின்னுக்குத் தள்ளினேன். வரிசை முக்கியம்: முதலில் வேகம், பிறகுதான் நகர்த்தல். மாற்றிச் செய்தால் கணக்கு உதைக்கும்.

4. படத்தைத் தொடாமல் 'காப்பி' நிலையிலேயே வைத்துப் புது ஒலியைச் சேர்த்தேன். படத்தை ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் தெளிவு குறையும். ஒலியைத் திருத்தப் படத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

5. மறுபடி அதே ஏழு இடங்களில் சோதித்தேன். எல்லாம் ஒரு படத்துக்குள் அடங்கின.

இந்த வேலை முழுவதற்கும் ஒரு பிற்பகல்தான் ஆயிற்று. சாயங்காலம் என் மனைவியைக் கூப்பிட்டு நலங்கைப் போட்டுக் காட்டினேன். அப்பளம் உடைந்தது, அதே கணத்தில் சத்தம் கேட்டது. அம்மா பாட ஆரம்பித்தார். மனைவி, "மாமி இந்த இடத்துல சிரிச்சுக்கிட்டே பாடியிருக்காங்க, இத்தனை வருஷமா தெரியலையே" என்றாள். உதடும் குரலும் சேர்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு எந்த வார்த்தையில் வருகிறது என்பது எனக்கும் புரிந்தது.

ஆனால் ஒன்று திரும்பவில்லை. 2006-ல் படத்தை இரண்டாம் முறை சுருக்கியதில் அம்மாவின் முகம் கட்டம் கட்டமாகிவிட்டது. மூல ஃபைலை வைத்திருந்தால் அது தெளிவாக இருந்திருக்கும். ஒலி விலகலை எண்ணால் திருத்தலாம். அழித்த படத்தைத் திருத்த எந்த மென்பொருளும் இல்லை.

இனிமேல் கேசட்டை மாற்றுபவர்களுக்கு

வி.எச்.எஸ். டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு தயாரிப்பை நிறுத்திவிட்டது. இனி இருப்பதெல்லாம் பழைய டெக்குகள்தான். ஆகவே கேசட் வைத்திருப்பவர்கள் ஒத்திப்போடாமல் இந்த ஆண்டிலேயே செய்துவிடுங்கள். நீங்களே செய்தாலும் கடையில் கொடுத்தாலும் இவற்றைக் கவனியுங்கள்.

கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். நாடா விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் டெக்கில் போடக் கூடாது; நாடாவும் போகும், டெக்கும் கெடும், அடுத்து போடும் கேசட்டுக்கும் தொற்றும். பூஞ்சை நீக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். நல்ல கேசட்டானால் ஒரு முறை முழுதும் முன்னே ஓட்டிப் பின்னே சுற்றிக்கொள்ளுங்கள்.

படத்தையும் ஒலியையும் ஒரே கருவி எடுக்கட்டும். படம் ஒரு கார்டு, ஒலி மற்றொரு கார்டு என்று பிரிக்காதீர்கள். இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடினால் இரண்டாம் வகைக் கோளாறு பெரும்பாலும் வராது. ஒலியின் வேகம் 48,000 என்று வையுங்கள். எடுக்கும் நேரத்தில் கம்ப்யூட்டரில் வேறு எதையும் ஓட விடாதீர்கள். எத்தனை படம் தவறியது என்று மென்பொருள் காட்டும் எண்ணைக் கடைசியில் பாருங்கள்; அது பூஜ்யமாக இருக்க வேண்டும்.

தொடங்குமுன் நீங்களே கேசட்டின் முதல் ஐந்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் இரண்டையும் டெக்கிலிருந்து நேராக டெலிவிஷனில் பாருங்கள். அங்கேயே விலகியிருந்தால் அது கேசட்டிலேயே உள்ள குறை. பிறகு யாரையும் நோக வேண்டாம்.

கடையில் கொடுத்தால் டிஸ்க் மட்டும் வாங்கி வராதீர்கள். கேப்சர் செய்த மூல ஃபைலையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். வாங்கும்போதே மூன்று இடத்தில் போட்டுப் பாருங்கள். முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடுகிறோம். இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் அங்கே தெரியவே தெரியாது.

வீட்டில் எழுதிய டிஸ்க்கும் நிரந்தரமல்ல. அதன் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் வெளுக்கும். டிஸ்க் எழுதினால் குறைந்த வேகத்தில் எழுதி, எழுதியதைச் சரிபார்க்கும் 'வெரிஃபை' வசதியையும் பயன்படுத்துங்கள். மூல ஃபைலை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, அவற்றில் ஒன்றை ஊரில் உள்ள தம்பி வீட்டிலோ மகள் வீட்டிலோ கொடுத்துவையுங்கள். திருத்திய பிரதி வந்த பிறகும் திருத்தாததை அழிக்காதீர்கள். இன்று நான் செய்த திருத்தத்தைவிட நல்ல திருத்தம் நாளை வரலாம். அதற்கு மூலம் வேண்டும்.

ஊரைவிட்டு வந்து முப்பது நாற்பது ஆண்டுகள் ஆன நம்மில் பலருக்கு, பெற்றோர் குரலும் பழைய வீட்டு முற்றமும் இந்தக் கேசட்டுகளில்தான் மிச்சமிருக்கின்றன. இங்கே பிறந்து வளரும் பேரக்குழந்தைகள் கொள்ளுப்பாட்டியைப் பார்க்கப்போவதும் இவற்றில்தான். இந்த வாரம் பரணில் இருப்பதை இறக்கி, எத்தனை கேசட், எத்தனை டிஸ்க், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டிஸ்க்கில் விலகல் இருந்தால் மூன்று இடத்து அளவையும் அதன் பக்கத்தில் குறியுங்கள். அந்த மூன்று எண்களோடு சங்கத்துக்கு வருபவர்களுக்கு என்னால் ஆன உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.